ஒன்பது மணி வெளிச்சம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், குட்டி மூவரும் சுகமா? முழங்கால் வலி குறைந்ததா? இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் சண்டை போட நாலு நாள் ஆகும், அதற்குள் கோபம் ஆறிவிடும்.

ஒரு வேலை கிடைத்திருக்கிறது. உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உறவுக்காரர்கள் காத்திருக்கும் நடை இருக்கிறதே, அதற்குக் கலைவேலையாக ஏதாவது செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள். கிழக்குப் பக்கம் உயரத்தில் ஜன்னல் வரிசை. அந்த ஜன்னலில் எழுத்து வெட்டிய தகட்டைப் பொருத்துவேன். வெயில் அதன் வழியாக வந்து எதிர்ச் சுவரில் எழுதும். பெயின்ட் கிடையாது, விளக்கு கிடையாது. மேகம் வந்தால் எழுத்தும் கிடையாது.

அம்மா கடைசிப் பத்தொன்பது நாள் இருந்த இடம். நான் ஒரு நாள்கூட இல்லாத இடம். இரண்டு வருஷமாகியும் அது மனதில் முள்ளாகவே இருக்கிறது. அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

உன்னிடம் இரண்டு உதவி வேண்டும். பொறியாளர் அனுப்பிய பிளானில் ஜன்னல் உயரமே தப்பு, நம்ப முடியாது. நீ ஒருநாள் காலை ஒன்பது மணிக்குப் போய், வெயில் எதிர்ச் சுவரில் எங்கே விழுகிறது என்று டேப் வைத்து அளந்து எழுது. இன்னொன்று, தொண்டையில் குழாய் போட்டிருந்தபோது அம்மா துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள் என்று சொன்னாயே, அவை இருக்கின்றனவா? அவள் கையெழுத்திலேயே ஒரு வரியை வெட்ட நினைக்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் தம்பி


ஜூன் 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். முழங்கால் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது, நான் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறேன். அத்தானுக்கு மறுபடி இரவுப் பணி. குட்டிக்குச் சளி.

பதில் தாமதம்தான். குடிநீர் வாரியப் புகார்ப் பிரிவில் கோடைக்காலம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. இன்று மட்டும் ஐம்பத்தெட்டுப் பேர் வந்து திட்டினார்கள். ஊர்க் குழாயை எல்லாம் நானே மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பது போல. வீட்டுக்கு வந்தால் யார் கூப்பிட்டாலும் "புகார் எண் சொல்லுங்க" என்று வாயில் வந்துவிடுகிறது.

வேலை கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் அந்த இடம்தானா வேண்டும்? அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் சுவரைப் பார்ப்பதில்லை, என் ஒட்டடைக்குச்சித் தம்பி. கதவைத்தான் பார்ப்பார்கள். வாசலில் தோட்டம் இருக்கிறது, மருந்துக் கடைப் பக்கம் நீளச் சுவர் இருக்கிறது. கேட்டுப் பாரேன்.

காகிதங்கள் எங்கேயோ இருக்கும், தேட வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. குட்டியின் சளி போயிற்றா?

இடம் மாற்ற முடியாது. மாற்றவும் மாட்டேன். டாக்டர் ஒன்பது மணிக்குத்தான் வெளியே வந்து நிலவரம் சொல்வார் என்றார்கள். அப்படியானால் எல்லோரும் இருக்கும் நேரம் அதுதான். அந்த நேரத்துக்கு எழுத்து சுவரில் இருக்க வேண்டும்.

உன் அளவை நம்பித்தான் தகட்டையே வெட்டப்போகிறேன். ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிறது. அதில் எழுத்து வரிசையை மேலே வெட்டுவதா கீழே வெட்டுவதா என்று உன் டேப்தான் சொல்லும். சூரியன் ஏற ஏற வெளிச்சம் சுவரில் இறங்கும், பத்து நிமிடம் தப்பினாலும் இடம் மாறிவிடும். அதனால் சரியாக ஒன்பது. தரையிலிருந்து எத்தனை அடி, வார்டு கதவோரத் தூணிலிருந்து எத்தனை அடி, இரண்டே எண் போதும். ஆஸ்பத்திரி உன் ஆபீஸ் போகும் வழிதானே.

காகிதங்களையும் தேடு, அக்கா. நீ எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. உடைந்த குடையைக்கூட நாலு வருஷம் வைத்திருந்தாய்.

தம்பி


ஜூலை 22

தம்பிக்கு,

நலம். நீ நலமா?

ஒன்பது மணிக்கு, தரையிலிருந்து நான்கடி இரண்டங்குலம். தூணிலிருந்து ஏழடி.

இதோடு காகிதம் நான்கு வைத்திருக்கிறேன். பதிவுத் தபால், கையெழுத்துப் போட்டு வாங்கு. பின்பக்கம் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. எங்கள் ஆபீஸ் புகார்ப் படிவம்தான். அவசரத்துக்கு என் பையில் அந்தக் கட்டுதான் இருந்தது. அம்மா எழுதியது எல்லாம் "குடிநீர் வராமை குறித்து" என்பதற்குப் பின்னால்தான்.

வெட்டிவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

காகிதங்கள் வந்தன. அன்று முழுக்க வேலை செய்ய முடியவில்லை. பட்டறை வாசலில் உட்கார்ந்து நாலையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "ஃபேன் சத்தம்." "உன் புடவை ஓரம் கிழிஞ்சிருக்கு." "இந்த நர்ஸ் நல்ல பொண்ணு." குழாய் போட்ட நிலையிலும் உன் புடவையைக் கவனித்திருக்கிறாள் பார். சிரித்தேன், அழவும் செய்தேன்.

நாலாவதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். "மணி என்ன?" இதைவிட வேறென்ன வேண்டும்? வெயிலே வந்து சுவரில் மணி கேட்கிறது. காத்திருக்கிறவர்கள் எல்லோரும் மனதுக்குள் கேட்பதும் அதுதானே. பட்டறையில் வெட்டுகிறவர்கூட, "இது நல்லாருக்கு சார், எனக்கே புரியுது" என்றார். என் வேலையைப் பார்த்து அவர் அப்படிச் சொல்வது இதுவே முதல் தடவை.

ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் உயரம். அதற்குக் குறைந்தால் அத்தனை தூரம் போவதற்குள் விளிம்பு கலங்கிவிடும். சுழியை முழுக்க வெட்டினால் நடுத் துண்டு கழன்று விழுந்துவிடும், அதனால் சுழிக்கு ஒரு சின்னப் பாலம் விட வேண்டும். அம்மாவின் கை நடுக்கத்தை மட்டும் நேராக்கப் போவதில்லை, அப்படியே வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


ஆகஸ்ட் 26

தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம்.

நர்ஸைப் பற்றி எழுதியதை வெட்டலாமே. அங்கே வேலை செய்கிற பெண்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வதில்லை.

மணி கேட்பது வேண்டாம். காத்திருக்கிறவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். நான் காத்திருந்தவள், சொல்கிறேன். கேள்.

அக்கா


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வருவதற்குள் வெட்டி முடித்துவிட்டார்கள். முன்பே வந்திருந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன், பொய் சொல்வானேன். நீ புடவைக் கடையிலும் இப்படித்தான், எடுத்த பிறகு வேறு நிறம் என்பாய். பொருத்திப் பார்த்தால் உனக்கே பிடிக்கும்.

செப்டம்பர் 22 அன்று பொருத்த வருகிறேன். ஒரே நாள் வேலை. சூரியன் இப்போது இடம் மாறியிருக்கும், இன்னொரு முறை அளந்து எழுதிவிடு. வந்ததும் வீட்டுக்கு வருகிறேன். நாம் இருவரும் காலையில் சேர்ந்தே போய்ப் பார்ப்போம். அம்மா இருந்தபோது உன் பக்கத்தில் உட்காராதவன், இப்போதாவது உட்காருகிறேன்.

தம்பி


செப்டம்பர் 13 (அஞ்சலட்டை)

நலம். அளவு அதேதான். நான்கடி இரண்டங்குலம், ஏழடி. 22 அன்று நாங்கள் ஊரில் இல்லை. அத்தானின் தங்கை வீட்டுக்குப் போகிறோம். வீடு பூட்டியிருக்கும். ஆஸ்பத்திரியிலேயே தங்க அறை கேட்டுக்கொள். — அக்கா


செப்டம்பர் 22

அக்கா,

இதை உன் வீட்டுக் கதவடியில் நுழைத்துவிட்டுப் போகிறேன்.

எழுத்து சுவரில் விழவில்லை. ஒன்பது மணிக்கு நானும் பொறியாளரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். சுவர் வெறுமையாக இருந்தது. "சார், கீழ பாருங்க" என்றார் பொறியாளர். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் மடியில் கிடந்தது அம்மாவின் எழுத்து. அவர் பாட்டுக்குக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழெட்டு நிமிடத்தில் அவர் முழங்காலைத் தாண்டித் தரைக்கு இறங்கிவிட்டது.

பிறகு நானே ஏணி போட்டு அளந்து கணக்குப் போட்டேன். இந்த மாதம் ஒன்பது மணிக்கு அந்த ஜன்னல் வெளிச்சம் உன் நான்கடிக்கு வரவே வராது. அது எட்டேகாலுக்கே தாண்டிவிடுகிற இடம். ஜூலையிலும் செப்டம்பரிலும் ஒரே அளவு என்று நீ எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சூரியன் யாருக்காகவும் அப்படி நிற்பதில்லை. நீ அங்கே போகவே இல்லை, அப்படித்தானே?

பக்கத்து வீட்டம்மா என்னைப் பார்த்து, "அக்கா காலைலதானே ஆபீஸ் போனாங்க, போன் பண்ணிப் பாருங்க தம்பி" என்றார். நான் பண்ணவில்லை. சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தால் உன்னைப் பார்த்திருக்கலாம். என்னைப் பார்க்கக் கூடாது என்று ஊருக்கே போய்விட்டதாக எழுதுகிறவளை வாசலில் மறித்துக் கேட்க எனக்குத் தெம்பில்லை. இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.

வேலை கெட்டதுகூடப் பரவாயில்லை. போக முடியவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் கட்டாயப்படுத்தியிருப்பேனா?

தம்பி


அக்டோபர் 17

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

நான் போகவில்லை. மூன்று முறை ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். அந்த மருந்து வாசனை வந்ததும் ஆபீசுக்குத் திரும்பிவிட்டேன். நான்கடி இரண்டங்குலம் என்பது என் தோள் உயரம். சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று குட்டியை அளக்கச் சொன்னேன். ஏழடி சும்மா எழுதியது. உன் வேலை இவ்வளவு நுணுக்கம் என்று எனக்குப் புரியவில்லை. சுவரில் எங்கேயாவது விழுந்து தொலையும் என்று நினைத்தேன்.

ஏன் போக முடியவில்லை என்று இப்போது சொல்லிவிடுகிறேன். இதை எழுத உட்கார்ந்து நாலு நாள் ஆகிறது.

அம்மா உனக்குச் சொல்ல வேண்டாம் என்றாள் என்று உன்னிடம் சொன்னேன். அது முதல் நாள் மட்டும் உண்மை. "சின்னவனுக்குச் சொல்லி வேலையைக் கெடுக்காத" என்று அவளே சொன்னாள், அப்போது அவளால் பேச முடிந்தது. குழாய் போட்ட பிறகு அவள் மனது மாறிவிட்டது. நாலாம் நாள் காலை, "சின்னவன் வரானா?" என்று எழுதிக் காட்டினாள். நான், "வரான்மா, ஒன்பது மணி பஸ்ஸுல வந்துடுவான்" என்றேன். அப்போதைக்கு அவளைச் சமாதானப்படுத்தச் சொன்னதுதான். அன்றே உனக்குப் போன் பண்ண வேண்டும் என்றும் நினைத்தேன்.

பண்ணவில்லை. எனக்கு உன்மேல் அவ்வளவு கோபம், தம்பி. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது நான்தான், இடுப்பு முறிந்தபோது நான்தான், எப்போதும் நான்தான் கூப்பிட்டு, கெஞ்சி, உன்னை வரவழைக்க வேண்டும். இந்த ஒரு தடவை கூப்பிடாமலே வருகிறானா பார்ப்போம் என்று ஒரு வீம்பு. இரண்டு நாள்தான், மூன்று நாள்தான் என்று நினைத்தேன். டாக்டரும் தேறிவிடுவார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நீயே கூப்பிட்டபோது, "ஒண்ணுமில்ல, சும்மா பரிசோதனைக்கு வந்திருக்கோம்" என்றேன்.

அம்மா அதற்குப் பிறகு உன் பெயரை எழுதவில்லை. மறுநாளிலிருந்து காலையில் என்னை உள்ளே விட்டதும் கையை நீட்டிக் காகிதம் கேட்பாள். "மணி என்ன?" என்று எழுதுவாள். "எட்டரை" என்பேன். தலையை ஆட்டுவாள். கொஞ்சம் கழித்து மறுபடி அதே காகிதத்தைக் காட்டுவாள். "ஒன்பதரைம்மா. பஸ் லேட்டு போல, நாளைக்கு வருவான்" என்பேன். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொள்வாள்.

நாலு காகிதம் அனுப்பினேன், இல்லையா? என்னிடம் மீதி பதினான்கு இருக்கின்றன. எல்லாவற்றிலும் அதே இரண்டு வார்த்தைதான். ஒன்று எப்படியோ அந்த நாலில் கலந்து வந்துவிட்டது. நீ எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைப் போய் எடுத்தாய்.

கடைசி நாள் நான் அந்த மூன்றாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணி தாண்டி டாக்டர் வந்தார். நிலவரம் சொல்ல வருகிறார் என்றுதான் எழுந்து நின்றேன். போய்விட்டாள் என்றார். அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் பண்ணினேன். மறுநாள் நீ ஒன்பது மணி பஸ்ஸில்தான் வந்து இறங்கினாய்.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா


டிசம்பர் 30

அக்காவுக்கு,

உடம்பு நலம். அங்கே அனைவரும் எப்படி?

உனக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். சிலதில் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். ஒன்றில் இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று எழுதி, உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டி, ஒரு வாரம் பையிலேயே வைத்திருந்தேன். இன்னும் கோபம் போகவில்லை. அது போய்விட்டது என்று எழுதினால் அதுவும் உன் நான்கடி இரண்டங்குலம் மாதிரிதான்.

அந்தக் கடிதத்தைப் போடாததற்கு ஒரு காரணம் உண்டு. நான் கூப்பிட்டபோது நீ ஒன்றுமில்லை என்றாயே, அப்போது உனக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று யாரையோ அழைத்தது எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. "அது என்ன?" என்று நான் கேட்கவில்லை. என் கண்காட்சி திறக்க ஒன்பது நாள் இருந்தது, தகடு ஒன்று கோணலாக இருந்தது. நீ ஒன்றுமில்லை என்றதும் அப்பாடா என்றிருந்தது. இரண்டு வருஷமாக நீ மறைத்தாய், அம்மா மறைக்கச் சொன்னாள் என்று சொல்லிக்கொண்டு அதில் நன்றாக ஒளிந்துகொண்டிருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தகட்டை என்ன செய்வது என்று பொறியாளர் கேட்கிறார். மடியில் விழுந்தால் யார் படிப்பார்கள் என்கிறார், நியாயம்தான். இப்போது குளிர்காலம், வெளிச்சம் பக்கவாட்டில் வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது, யாருக்கும் தொந்தரவில்லை. செப்டம்பரில் சூரியன் இருந்த இடத்துக்கு மார்ச் மூன்றாம் வாரம்தான் திரும்பி வரும். அதுவரை தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ அப்போது ஒரு தடவை போ. அளந்து எழுது, இந்த முறை நிஜமாக. எடுப்பதா விடுவதா என்று நீ சொல்கிறபடி செய்கிறேன். முடியாது என்றால் அதையும் எழுது.

தம்பி


மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். அத்தானும் குட்டியும் சுகம். நீ சுகமா?

முதலில் அளவு. ஒன்பது மணிக்குத் தரையிலிருந்து ஒன்றே முக்கால் அடி. தூணிலிருந்து பத்தடி மூன்றங்குலம். சுவரில் இல்லை, மூன்றாவது பெஞ்சில், மடியில். டேப்பின் ஒரு முனையைக் காவலாளி பிடித்துக்கொண்டார். "எதுக்கும்மா இது?" என்றார். "புகார் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

நேற்று வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். இன்று அத்தான் பணி முடிந்து தூங்காமல் கூடவே வந்தார். உள்ளே வர வேண்டாம் என்று அவரை வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் போனேன். பெஞ்சுக்குப் புதிதாக வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். மற்றபடி அப்படியேதான் இருக்கிறது. எனக்கு வலப்பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு ஜோடி செருப்பு வைத்த பை. உள்ளே யார் என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

வெளிச்சம் முதலில் எங்கள் தலைக்கு மேலே, சுவரில் கலங்கலாக இருந்தது. அப்புறம் மெல்ல இறங்கியது. தோளில் சூடாக இருந்தது. ஒன்பது மணிக்கு மடிக்கு வந்துவிட்டது. அவள் மடியில் "மணி", என் மடியில் "என்ன". உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது தலைகீழாகத்தான் தெரிகிறது, தம்பி. ஆனாலும் அம்மாவின் கை எனக்குத் தெரியாதா? அந்த நடுக்கம் என் புடவையில் அப்படியே இருந்தது. கையை மேலே வைத்தால் கைமேல் ஏறிக்கொண்டது. நான் வாய்விட்டே அழுதேன். அந்த இடத்தில் அழுதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்போது கதவு திறந்து ஒரு டாக்டர் வந்தார், சின்னப் பெண். எங்கள் எதிரே வந்து நின்றாள். அவளுக்கு எழுத்து நேராகத் தெரிந்திருக்கிறது. குனிந்து எங்கள் மடியையே பார்த்தாள். என்ன நினைத்தாளோ, கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, "ஒன்பது அஞ்சும்மா" என்றாள். அப்புறம்தான் செருப்புப் பைக்காரியிடம், "ராத்திரி நல்லா தூங்கினார், இன்னிக்கு நீங்க உள்ள வந்து பார்க்கலாம்" என்றாள். அவள் எழுந்து ஓடினாள். பாதி எழுத்து பெஞ்சில் விழுந்தது, மீதி என்னிடம் இருந்தது. அது தரைக்கு இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

தகட்டை எடுக்க வேண்டாம். சுவருக்கு மாற்றவும் வேண்டாம்.

அந்தப் பதினான்கு காகிதத்தையும் நான் தபாலில் அனுப்பப் போவதில்லை. நீ வந்து வாங்கிக்கொள். என்னைத் திட்ட வேண்டுமானால் அப்போதே நேரில் திட்டிக்கொள். எந்த நாள் என்று மட்டும் எழுது, ஆபீசுக்கு லீவு போட்டுவிடுகிறேன். ஒன்பது மணி பஸ்ஸிலேயே வா. லேட்டானாலும் பஸ் வரும்வரை நிறுத்தத்தில் நிற்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா